மலானாவில் எதையும் தொடக் கூடாது என்கிறார்களே, ஏன்?

இமாச்சலப் பிரதேசத்தின் பார்வதி பள்ளத்தாக்குக்குப் போய் வருபவர்கள் எடுத்துப் போடும் வீடியோக்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. மலைச்சரிவில் மலானா என்று ஒரு கிராமம், நடுவே மரத்தால் கட்டிய ஒரு கோயில், அதன் பக்கத்தில் "தொட்டால் அபராதம்" என்று ஒரு பலகை. கடைக்காரர் பிஸ்கட் பாக்கெட்டை உங்கள் கையில் தர மாட்டார், கீழே வைப்பார். நீங்களும் பணத்தைக் கீழேதான் வைக்க வேண்டும். எதிரே வரும் ஊர்க்காரர் உங்கள் மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி நடப்பார்.

இதைப் பார்த்துவிட்டு ஒரு சாரார் "இது அப்பட்டமான தீண்டாமை, அங்கே சட்டமே கிடையாதா" என்று கேட்கிறார்கள். இன்னொரு சாரார் "அவர்கள் அலெக்சாண்டர் படையின் வாரிசுகள், உலகின் மிகப் பழைய ஜனநாயகம், அவர்கள் பண்பாட்டில் நாம் தலையிடக் கூடாது" என்கிறார்கள். முதல் கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதற்குப் பதில் சொல்ல அந்த ஊர் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது தரப்பு சொல்வதில் பெரும்பகுதி சுற்றுலாக்காரர்கள் ஊதிப் பெருக்கிய கதை. அதனால் அடிப்படையிலிருந்தே வருவோம்.

ஊர் இருக்கும் இடம்

இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டம். புந்தரிலிருந்து மணிகரண் போகும் சாலையில், கசோலுக்கு முன்னால், ஜரி என்று ஒரு சிற்றூர் வரும். அங்கிருந்து பிரியும் ஒரு குறுகிய பக்கப் பள்ளத்தாக்கில், மலானா ஓடைக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் ஊர் இருக்கிறது. மேற்கே சந்தர்கனி கணவாயைத் தாண்டினால் நக்கர், ரசோல் கணவாயைத் தாண்டினால் கசோல் பக்கம். பனி விழுந்துவிட்டால் இந்தக் கணவாய்கள் மூடிவிடும். சாலை வருவதற்கு முன் வெளியூர்க்காரர் யாராவது இங்கே வந்தால் அவர் வேலை மெனக்கெட்டு, மலையேறி, வேண்டுமென்றே வந்தவராகத்தான் இருப்பார்.

மக்கள்தொகை ஓரிரு ஆயிரம். பேசும் மொழி கனாஷி. சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த குலுயி பேசும்போது, இந்த ஒரு ஊர் மட்டும் சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசுகிறது. அதன் நெருங்கிய உறவு அடுத்த வீட்டில் இல்லை, தள்ளியிருக்கும் கின்னௌரில் பேசப்படும் கின்னௌரியில் இருக்கிறது. உலகத்திலேயே இந்த மொழி புழங்குவது மலானாவில்தான். கல்யாணமும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே.

"ஒதுங்கிய ஊர், அதனால்தான் இப்படி" என்று பலரும் இந்த இடத்திலேயே முடித்துவிடுகிறார்கள். அது போதாது. ஸ்பிதியிலும் கின்னௌரிலும் இதைவிட எட்டாத உயரத்தில் ஊர்கள் இருக்கின்றன, அங்கெல்லாம் போனால் அடுப்படிக்கு அழைத்து உட்கார வைத்து உப்புத் தேநீர் கொடுப்பார்கள். ஒதுக்குப்புறமாக இருப்பதால் மட்டும் ஒரு ஊர் வந்தவரைத் தொடாமல் இருந்துவிடாது. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஊரின் சொந்தக்காரர் ஒரு தெய்வம்

குலு பகுதியில் ஊருக்கு ஊர் ஒரு தேவதா உண்டு. தேவதா என்றால் நாம் நினைப்பதுபோல் கும்பிட்டுவிட்டு வரும் சாமி மட்டும் கிடையாது. நிலம் வைத்திருப்பவர், வழக்குக் கேட்பவர், ஊர் எப்போது விதைக்க வேண்டும் என்று சொல்பவர், கோபம் வந்தால் மழையை நிறுத்துபவர். அவர் பேசுவது ஒரு மனிதர் வழியாக. அந்த மனிதரை 'குர்' என்பார்கள், நம் ஊர் சாமியாடியைப் போல.

மலானாவின் தேவதா ஜம்லு. ஜமதக்னி முனிவர்தான் ஜம்லு என்று இன்று சொல்லப்படுகிறது. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனவர்களுக்கு இந்தக் குடும்பம் தெரியாமல் இருக்காது: ரேணுகையின் கணவர், பரசுராமரின் தந்தை, அந்த ஜமதக்னிதான். ஆனால் ஜம்லுவுக்குச் சிலை கிடையாது. புராண முனிவரின் பெயர் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது, அடியில் இருப்பது இன்னும் பழைய ஒரு மலைத்தெய்வம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள், எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. குலுவில் சொல்லும் கதை ஒன்று இதற்குத் துணை: ஜம்லு ஒரு கூடையில் எல்லாத் தேவதைகளையும் எடுத்துக்கொண்டு சந்தர்கனி கணவாயில் வந்தாராம், அங்கே அடித்த பெருங்காற்றில் மூடி பறந்து, உள்ளே இருந்த தேவதைகள் எல்லாம் குலு பள்ளத்தாக்கு முழுக்கச் சிதறி விழுந்து, விழுந்த விழுந்த இடத்தில் கோயில் கொண்டார்களாம். அதாவது குலுவின் சாமிகள் எல்லோரும் ஜம்லுவின் கூடையிலிருந்து வந்தவர்கள்.

இந்தக் கதை சொல்லும் அரசியல் முக்கியம். 17ஆம் நூற்றாண்டில் குலு அரசன் ஜகத் சிங் ரகுநாதரைக் கொண்டுவந்து நாட்டுக்கே தலைமைத் தெய்வமாக வைத்தபோது, பள்ளத்தாக்கின் மற்ற தேவதைகள் எல்லாம் தசரா அன்று ஊர்வலமாக வந்து ரகுநாதருக்கு வணக்கம் செலுத்தும் வழக்கம் உருவானது. ஜம்லு அந்தக் கூட்டத்தில் சேர்வதில்லை. பியாஸ் ஆற்றின் எதிர்க்கரையிலேயே நின்றுவிடுவார் என்பது வழக்கம். அரசனின் சாமிக்குத் தலை வணங்காத சாமி, அந்தச் சாமியின் ஊர், அந்த ஊரின் நிலம் முழுவதும் அவருடையது, குடியிருப்பவர்கள் அவருடைய குடியானவர்கள். மலானாவைப் பற்றிய எல்லாமே இந்த ஒரு கருத்திலிருந்து பிரிவதுதான்.

அக்பர் கதையும் அப்படித்தான். மலானாவைச் சேர்ந்தவரிடமிருந்து வசூலித்த ஓரிரு காசு டெல்லி கஜானாவில் சேர்ந்ததும் பேரரசருக்கு நோய் பிடித்தது, காசை ஜம்லுவுக்குத் திருப்பி அனுப்பிய பிறகுதான் தீர்ந்தது என்கிறது கதை. ஆண்டுதோறும் நடக்கும் பாக்லி விழாவில் அக்பரின் நினைவாக ஒரு சடங்கும் உண்டு. இது நடந்ததா என்று தேடுவது வீண். "எங்களிடம் வரி வாங்க யாருக்கும் உரிமை இல்லை, வாங்கியவர் திருப்பித் தந்தார்" என்று ஒரு ஊர் தன் உரிமையைக் கதையாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சபை எப்படி நடக்கிறது

ஊரின் நிர்வாகம் இரண்டு அடுக்கு. ஆங்கிலேய மானிடவியலாளர் காலின் ராசர் 1950களில் இதை விரிவாக எழுதியிருக்கிறார், பின்னால் வந்த எல்லோரும் அவரை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

1. மேல்சபை ஜ்யேஷ்டாங். 11 பேர். அதில் மூன்று பேர் நிரந்தரம்: தேவதாவின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் கர்மிஷ்ட், பூசாரி, குர். மீதி எட்டுப் பேர் ஊரின் எட்டு வம்சப் பிரிவுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுபவர்கள்.

2. கீழ்சபை கனிஷ்டாங். வீட்டுக்கு ஒரு ஆண் வீதம் ஊர் முழுக்கக் கூடுவது.

3. கூடும் இடம் ஹர்சா. ஊர் நடுவே திறந்த வெளியும் கல் மேடையுமாக இருக்கும். வீடியோக்களில் 'தொடாதே' பலகை இருக்கும் கற்களில் பெரும்பாலானவை இந்த இடத்தைச் சுற்றியும் கோயிலைச் சுற்றியும் உள்ளவை.

4. மனிதர்களால் தீர்க்க முடியாத வழக்கு தேவதாவிடம் போகும். இரு தரப்பும் ஆளுக்கொரு ஆட்டுக்கடா கொண்டுவர வேண்டும், அவற்றின் காலில் கீறி விஷம் வைத்துத் தைப்பார்கள், யாருடைய கடா முதலில் சாகிறதோ அவர் தோற்றவர். இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

இதோடு சேர்த்து, இந்திய அரசு நடத்தும் பஞ்சாயத்துத் தேர்தலும் மலானாவில் நடக்கிறது, சட்டமன்றத் தேர்தலுக்கும் வாக்களிக்கிறார்கள். ஆக ஒரே ஊரில் இரண்டு அதிகாரங்கள். ரேஷன், சாலை, பள்ளி என்றால் அரசு. தண்ணீர்ப் பங்கு, நிலத் தகராறு, யார் எங்கே நடக்கலாம் என்றால் ஜம்லு.

"பழைய ஜனநாயகம்" என்ற பட்டத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேர்ந்தெடுப்பதும் கூடிப் பேசுவதும் உண்மைதான், அது மதிப்புக்குரியதும்கூட. ஆனால் பெண்களுக்கு அந்தச் சபையில் இடம் இல்லை, கடைசிச் சொல் குர் வாயிலிருந்து வரும் தெய்வத்தின் சொல். இதைத் தெய்வத்தின் ஆட்சி என்று சொல்வதுதான் பொருத்தம். எத்தனை நூற்றாண்டுப் பழையது என்று காட்டும் கல்வெட்டோ ஆவணமோ இல்லாதபோது 'உலகிலேயே பழையது' என்று எப்படி எழுதுகிறார்கள் என்று புரியவில்லை.

அலெக்சாண்டர் கதைக்கு இன்னும் குறைவான ஆதாரம். கி.மு. 326இல் அவர் படை பியாஸ் ஆற்றோடு நின்று திரும்பியது உண்மை, பியாஸ் குலு வழியாக வருவதும் உண்மை. ஆனால் படை நின்றது கீழே பஞ்சாப் சமவெளியில். மலானாக்காரர்கள் பேசும் மொழியோ திபெத்தியப் பக்கத்து உறவு, கிரேக்கத்தின் சாயல் அதில் எங்கும் இல்லை. இதே அலெக்சாண்டர் கதையைப் பாகிஸ்தானின் கலாஷ் மக்களைப் பற்றியும் சொல்கிறார்கள், லடாக்கின் புரோக்பா மக்களைப் பற்றியும் சொல்கிறார்கள். வெளிர் கண்ணும் கூர் மூக்கும் கண்ட இடமெல்லாம் இந்தக் கதை முளைக்கும்.

தொடக் கூடாது என்பதன் கணக்கு

சரி, இப்போது முக்கியமான கேள்விக்கு வரலாம். படிப்படியாகப் பார்த்தால் இதில் புதிர் ஏதும் இல்லை.

1. மண், கல், சுவர், கோயில் எல்லாம் தேவதாவுடையவை. அவை சுத்தமாக இருக்க வேண்டும்.

2. மலானாவின் பெரும்பான்மையினர் தங்களை ராஜபுத்திரர் என்று சொல்லிக்கொள்பவர்கள். ஜம்லுவின் குடிகள் என்பதால் மற்ற எல்லோரையும்விடத் தாங்கள் மேல் என்பது அவர்கள் நம்பிக்கை. வெளியிலிருந்து வருபவர், அவர் டெல்லியோ இஸ்ரேலோ சென்னையோ, எந்தச் சாதியோ, தேவதாவின் கணக்கில் தீட்டு உள்ளவர்.

3. தீட்டு தொடுவதால் பரவும். அதனால் ஆளையும் தொடக் கூடாது, கோயிலையும் தொடக் கூடாது, சில வீட்டுச் சுவர்களையும் தொடக் கூடாது. தோல் பொருளும் தீட்டு என்பதால் கோயில் எல்லைக்குள் தோல் பெல்ட், தோல் செருப்பு ஆகாது. காசு, பொருள் இரண்டும் தரையில் வைத்து எடுப்பது இதனால்தான்: கைக்குக் கை மாறாமல் நடுவில் ஒரு இடைவெளி.

4. தீட்டுப் பட்டுவிட்டால் கழிக்க வேண்டும். கழிப்பதற்கு ஒரு ஆடு பலி. அந்த ஆட்டின் விலைதான் அபராதம். ஆயிரம் ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை பலகைக்குப் பலகை, காலத்துக்குக் காலம் மாறியிருப்பதற்கும் ஆட்டு விலையே ஒரு காரணம். தெரியாதவர்கள் இதை நுழைவுக்கட்டணம் மாதிரி நினைக்கிறார்கள். ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை அது பரிகாரச் செலவு.

இந்த நான்கு படிகளில் எதுவும் தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. 'தீட்டு' என்ற சொல்லை நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதையே கவனியுங்கள். டீக்கடையில் தனிக் குவளை, கையில் ஊற்றிக் குடிக்க வைத்த தண்ணீர், தெருவுக்குள் செருப்போடு நடக்கத் தடை என்று இதே கணக்கு நம் ஊரில் எப்படி வேலை செய்தது, இன்னும் சில இடங்களில் எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியும். மலானாவில் புதுமை ஒன்றே ஒன்று: பயணம் போக வசதியுள்ள ஒருவர், வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தக் கணக்கின் கீழ்ப்பக்கத்தில் நின்று பார்க்கிறார்.

அவர் சாயங்காலம் மலை இறங்கிவிடுவார். இறங்க முடியாதவர்களும் அந்த ஊரில் இருக்கிறார்கள். மலானாவில் தலித் குடும்பங்கள் சில உண்டு, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்பவர்கள், அவர்களுக்கு ராஜபுத்திரர்களுக்குள்ள இடம் கோயிலிலும் இல்லை, சபையிலும் இல்லை. அவர்களின் வீட்டுமொழிகூட வேறு. கனாஷி அவர்களுடைய தாய்மொழியாக இருந்ததில்லை. வீடியோ எடுப்பவர் யாரும் கேமராவை அந்த வீடுகள் பக்கம் திருப்புவதில்லை. வந்தவனைத் தொடாத விதியை வேடிக்கையாகக் காட்டிவிட்டு, அதே விதி அங்கேயே பிறந்தவர்கள் மேல் என்ன செய்கிறது என்பதை விட்டுவிடுவது எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது, எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றம் என்கிறது. அதைச் செயல்படுத்த 1955இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், 1989இன் பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. அப்படியானால் ஒரு பயணி அபராதப் பலகையைப் படம் எடுத்துப் போய் வழக்குப் போட முடியுமா?

சிக்கல் 'தீண்டாமை' என்ற சொல்லின் பொருளில் இருக்கிறது. அரசியலமைப்பு அதை வரையறுக்கவில்லை. இந்தச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளக் கூடாது, இந்த நாட்டில் சாதியோடு சேர்ந்து வளர்ந்த வழக்கத்தைத்தான் அது குறிக்கிறது என்று மைசூர் உயர் நீதிமன்றம் 1950களிலேயே ஒரு தீர்ப்பில் சொன்னது. இந்தப் பொருளில் பார்த்தால், எல்லா வெளியூர்க்காரரையும் ஒரே மாதிரி ஒதுக்குவது 17ஆவது பிரிவுக்குள் நேராக வராது; பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காக ஒருவரை ஒதுக்குவது கண்டிப்பாக வரும். 2018இல் சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் தன் தனித் தீர்ப்பில் 'சுத்தம், தீட்டு' என்ற அடிப்படையில் விலக்குவது எதுவானாலும் இந்தப் பிரிவின் பார்வைக்குள் வரும் என்று விரித்துச் சொன்னார். மற்ற நீதிபதிகள் அந்த அளவுக்குப் போகவில்லை. இன்னொரு பக்கம், 25, 26ஆவது பிரிவுகள் தரும் வழிபாட்டு உரிமை இருக்கிறது.

ஊர் அபராதத்துக்கு எந்தச் சட்டத்தின் பலமும் கிடையாது, யாரும் உங்களிடம் கட்டாயமாகப் பிடுங்க முடியாது. ஆனால் நடைமுறை வேறு. பக்கத்தில் காவல் நிலையம் இல்லாத, ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை உள்ள மலையூரில், ஊர் மொத்தமும் புனிதம் என்று நம்பும் ஒன்றைத் தொட்டுவிட்டு அங்கே நின்று சட்டம் பேசுவது புத்திசாலித்தனம் இல்லை. ஆடு பலி கொடுப்பதிலும் சட்டச் சிக்கல் உண்டு: 2014இல் இமாச்சல் உயர் நீதிமன்றம் மாநிலம் முழுக்கக் கோயில்களில் விலங்கு பலிக்குத் தடை விதித்தது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

சரஸ்: யாரும் சத்தமாகச் சொல்லாத காரணம்

பலரும் மலானாவுக்குப் போவது ஜம்லுவைப் பார்க்க இல்லை, 'மலானா கிரீம்' என்ற சரஸுக்காக, அதாவது கஞ்சாப் பிசினுக்காக. கஞ்சாச் செடி இந்த மலைகளில் தானாக வளர்வது. அதன் தண்டு நாரில் கயிறு திரித்தார்கள், காலணி பின்னினார்கள், விதையை உணவில் சேர்த்தார்கள். பச்சைப் பூவை உள்ளங்கையில் மணிக்கணக்கில் தேய்த்துப் பிசினைத் திரட்டினால் சரஸ். 1970களுக்குப் பிறகு வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கியதும் அதற்கு வெளிச் சந்தையில் பெயரும் விலையும் வந்தது, மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் தராத காசை அது தந்தது. குறுகிய விளைநிலம், ஆறு மாதக் குளிர், சந்தைக்கு நாள் கணக்கில் நடை என்று இருந்த ஊருக்கு, கைப்பிடி அளவில் பெரிய தொகை தரும் பயிர் எப்படிப்பட்ட இழுப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

1985இன் போதைப்பொருள் சட்டம் இதைக் குற்றமாக்கியது. பயணிகளுக்குத் தெரிய வேண்டிய கணக்கு இது:

1. சரஸ் 100 கிராமுக்குக் கீழ் 'சிறிய அளவு': ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

2. அதற்கு மேல், 1 கிலோ வரை: பத்தாண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

3. 1 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு': குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு. ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம்.

4. வைத்திருக்காமல் புகைத்தாலும் குற்றம்தான்.

அதிலும், சிறிய அளவு என்றால் பரவாயில்லை என்று ஒரு நம்பிக்கை பையன்களிடம் இருக்கிறது. சிறிய அளவும் வழக்குதான், கைதுதான், வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கும்போது எதிரே வந்து நிற்பதுதான். கணவாய்களை விட்டால் மலானாவிலிருந்து இறங்கும் பாதை ஒன்றே, அது முடிவது ஜரிச் சாலையில், அங்கே சோதனை நடப்பது வழக்கம்.

கைக்குக் கை தொடாமல் பிஸ்கட் தரும் ஊரில், காசுக்கு மட்டும் தீட்டு இல்லையா என்று சிலர் கிண்டலாகக் கேட்கிறார்கள். அந்தக் கிண்டலில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளியுலகம் வாங்க வந்தது அந்த ஒரு பொருளை மட்டும்தான், வேறு எதையும் அவர்களிடம் கேட்கவில்லை. வாங்கியவர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார், சிறைக்குப் போவது பெரும்பாலும் தேய்த்த கையும் சுமந்த தோளும்தான்.

சாலை, அணை, தீ, வெள்ளம்

மலானாவை மாற்றியது சுற்றுலா மட்டும் இல்லை. 2001இல் மலானா ஓடையில் 86 மெகாவாட் நீர்மின் நிலையம் செயல்பட ஆரம்பித்தது, பிறகு 2012 வாக்கில் மேலே 100 மெகாவாட்டில் இரண்டாவது. இவற்றுக்காகப் போட்ட சாலைதான் ஊரின் அடிவாரம் வரை வண்டியைக் கொண்டுவந்தது. அதன் பிறகு மிச்சம் ஒரு மணி நேர ஏற்றம் மட்டுமே. நாள்கணக்கில் நடந்து வந்தவர்கள் ஆண்டுக்குச் சிலர் என்று இருந்தது, காலையில் கசோலில் கிளம்பி மாலையில் திரும்புபவர்கள் என்று மாறியது. தொடக் கூடாது என்று பலகை எழுதி வைக்கும் அவசியமே அப்போதுதான் வந்திருக்க வேண்டும். வருபவருக்கு நின்று விளக்கிச் சொல்ல நேரம் இருந்த காலத்தில் பலகை எதற்கு?

2008 ஜனவரியில் பெரிய தீ. கல்லையும் தேவதாரு மரத்தையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டும் வீடுகள், மேலே குளிர்காலத்துக்குச் சேர்த்த வைக்கோலும் விறகும், வீட்டுக்கு வீடு இடைவெளி இல்லை, தீயணைப்பு வண்டி ஏற வழியில்லை. ஊரின் பெரும்பகுதியும் பழைய கோயில் கட்டடங்களும் எரிந்துபோயின. 2021 அக்டோபரில் மறுபடி தீ, மறுபடி பல வீடுகள். இன்று அங்கே போய்த் தகரக் கூரையும் சிமெண்டும் இருக்கிறதே, பழமை போய்விட்டதே என்று குறைபட்டுக்கொள்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2024 ஆகஸ்ட் முதல் தேதி வாக்கில் பெய்த பேய்மழையில் முதல் மின்நிலையத்தின் தடுப்பணை உடைந்து, சாலையும் பாலங்களும் அடித்துப் போய், ஊர் துண்டிக்கப்பட்டது. பழையபடி நடை, முதுகில் சுமை என்று ஆனது.

இதற்கு நடுவே 2017இல் ஒரு முடிவு வந்தது: தேவதாவின் ஆணைப்படி ஊருக்குள் வெளியூர்க்காரர் இரவு தங்கக் கூடாது, விடுதிகளை மூட வேண்டும். ஊரில் விடுதி நடத்திச் சம்பாதித்தவர்களும் அதே தேவதாவின் குடிகள்தானே, அவர்களுக்கு அது நஷ்டம், இருந்தும் மூடினார்கள். அரசு போட்டிருந்தால் எத்தனையோ விதிமீறல்கள் நடந்திருக்கும் ஒரு தடை, ஜம்லு பெயரில் வந்ததால் நிலைத்தது. மேலே சொன்ன இரண்டு அதிகாரங்களில் எது அங்கே எடைமிக்கது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

போவதென்று முடிவு செய்தால்

போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

1. பாதை திறந்திருக்கிறதா என்று ஜரியில் டாக்ஸிக்காரர்களிடம் அன்றைக்கு அன்று கேளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் போக வேண்டாம், மண்சரிவு சாதாரணம். கணவாய் வழியாக நடப்பதென்றால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கூடாது. பார்வதி பள்ளத்தாக்கில் தனியாக நடந்துபோய்க் காணாமல் போன பயணிகளின் பட்டியல் நீளமானது.

2. ஊருக்குள் அவர்கள் காட்டும் பாதையில் மட்டும் நடங்கள். களைத்துப்போய் சுவரில் சாய்வது, கல்லில் உட்காருவது, ஏறும்போது கைபிடிக்கத் தூணைத் தேடுவது இதெல்லாம் யோசிக்காமல் நாம் செய்பவை, பெரும்பாலான அபராதம் இதனால்தான். கோயில் பக்கம் கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நடந்தால் மறந்துபோகாது.

3. தோல் பெல்ட், தோல் பர்ஸ் இல்லாமல் போவது நல்லது.

4. குழந்தைகளை அழைத்துப் போனால் கையை விடாதீர்கள். ஊர்க் குழந்தைகள் ஓடி வந்தால் கன்னத்தைத் தட்டுவது, மிட்டாயைக் கையில் திணிப்பது வேண்டாம். உங்களுக்கு அது பாசம், அந்தக் குழந்தைக்கு வீட்டில் திட்டு.

5. கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். வேண்டுமென்றே கல்லைத் தொட்டு, திட்டு வாங்கி, அதை வீடியோவாக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கிளப்பும் கோபம் அடுத்து வரும் பயணி மேல்தான் விழும்.

6. தவறித் தொட்டுவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள், கேட்ட தொகையைக் கீழே வைத்துவிட்டு நகருங்கள். தொகை மிக அதிகமாகத் தோன்றினால், கோயில் பொறுப்பில் இருக்கும் பெரியவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், வழியில் நிற்கும் இளைஞர்களிடம் பேரம் பேச வேண்டாம்.

7. இரவு தங்கலாமா என்று ஊருக்குள் கெஞ்சாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே சாலைக்கு வந்துவிடலாம், மலையில் இருட்டு சட்டென்று விழும்.